நிழலையும் வெட்டிவிட்டீர்களே அண்ணா

அந்தப் படத்தை எடுத்தது நான்.

இந்த நாலு வார்த்தையைச் சொல்ல எனக்கு ஏழு வருஷம் ஆயிற்று. வீட்டுக்குள் சொல்லியிருக்கிறேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் சொல்லியிருக்கிறேன். வெளியே சொன்னதில்லை. ஒரே ஒரு முறை, தெரிந்த ஒரு பத்திரிகைக்காரரிடம் வாய்விட்டேன். "அவரு எவ்ளோ பெரிய ஆளு. உங்க படத்தைத் திருடித்தான் அவரு பேர் வாங்கணுமாம்மா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டேன். இப்போது எனக்கு ஐம்பத்தேழு வயது. இனிமேல் மூடி வைத்து என்ன ஆகப்போகிறது?

2017இல் ஒருநாள், மகளுக்குப் போட்டித் தேர்வுப் புத்தகம் வாங்க மவுண்ட் ரோட்டில் ஒரு புத்தகக் கடைக்குப் போனேன். வாசலிலேயே கண்ணாடிக்குப் பின்னால் பெரிய புத்தகம் ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார்கள். இங்கிலீஷ் புத்தகம், வழவழ அட்டை. அட்டையில் ஒரு பூக்காரி தரையில் உட்கார்ந்து கனகாம்பரம் கட்டிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் காலியான பூக்கூடைக்குள் ஒரு வயசுக் குழந்தை வாழையிலையை மெத்தையாக்கிச் சுருண்டு தூங்குகிறது. நூல் பிடித்த அவள் கால் கட்டைவிரல். குழந்தையின் திறந்த வாய்.

கை காலெல்லாம் வெலவெலத்துவிட்டது. சந்தோஷம்தான் முதலில் வந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். அடடா, நம்ம படம் அட்டையில் வந்திருக்கிறதே என்று ஒரு நொடி, ஒரே நொடி, நெஞ்சு பொங்கியது. அப்புறம்தான் கீழே இருந்த பெயரைப் படித்தேன்.

புத்தகம் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. பிரித்துக் காட்டச் சொன்னேன். "வாங்கினாதான் பிரிக்கலாம் ஆன்ட்டி" என்றான் கடைப் பையன். அவன்மேல் என்ன தப்பு? விலை 2,950 ரூபாய். ஏ.டி.எம்.முக்குப் போய் எடுத்துவந்து கொடுத்தேன். மகளின் புத்தகத்தை வாங்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து உறையைப் பல்லால் கடித்துப் பிரித்தேன். 112 படங்கள். அதில் 31 என்னுடையவை. எண்ணிக்கொண்டே வந்தேன், விரல்விட்டு எண்ணினேன், மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். கொத்தவால் சாவடியில் மூட்டை தூக்குகிறவர் முதுகு. காசிமேட்டில் மழைக்குத் தார்ப்பாய்க்குள் நிற்கும் ஏழு பெண்கள். மின்ட் தெருவில் மாட்டுக்கும் ரிக்‌ஷாவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பிள்ளை. எல்லாவற்றுக்கும் கீழே அவர் பெயர். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருந்தார். மனைவிக்கு, நண்பர்களுக்கு, அச்சகத்துக்கு. "டார்க் ரூம் உதவியாளருக்கு" என்று ஒரு வரி. பெயர் இல்லை.

அந்த டார்க் ரூம் உதவியாளர் நான்.

அவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே கூப்பிடுகிறேன். பெயரைச் சொல்லி அவரை அசிங்கப்படுத்த நான் வரவில்லை. அவரிடமிருந்து என் பெயரை வாங்கத்தான் வந்திருக்கிறேன்.

பத்தொன்பது வயதில் வடசென்னையில் ஒரு ஸ்டுடியோவில் டச்சிங் வேலைக்குச் சேர்ந்தேன். இன்றைய பிள்ளைகளுக்கு டச்சிங் என்றால் தெரியாது. கல்யாணப் பெண்ணின் நெகட்டிவில் முகப்பரு இருக்கும், கண்ணுக்குக் கீழே கருவளையம் இருக்கும். அதைக் கூர்மையான பென்சிலால் நெகட்டிவிலேயே மெல்லத் தீட்டி மறைக்க வேண்டும். பிரிண்ட்டில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் மெல்லிய பிரஷ்ஷை நாக்கில் நனைத்து, மை தொட்டு, புள்ளி புள்ளியாக அடைக்க வேண்டும். பெண்கள் பொறுமையாகச் செய்வார்கள் என்று அந்த வேலைக்குப் பெண்களை வைப்பார்கள். கேமராவைத் தொட மட்டும் விட மாட்டார்கள்.

மற்றவர்கள் எடுத்த முகங்களைத் துடைத்துத் துடைத்தே எனக்கு வெளிச்சம் பழகிவிட்டது. 1989இல் என் வளையல் இரண்டையும் வைத்து ஒரு பழைய யாஷிகா வாங்கினேன். ஐம்பது எம்.எம். லென்ஸ் ஒன்று. ஊட்டியில் செய்த இந்து ஃபிலிம்தான் மலிவு, அதைத்தான் போடுவேன். விடிகாலை நாலரைக்குக் கிளம்பிவிடுவேன். பத்து மணிக்கு ஸ்டுடியோவில் இருக்க வேண்டும். நடுவில் இருக்கும் ஐந்தரை மணி நேரம்தான் என் வாழ்க்கை.

தெருவில் கேமராவோடு நிற்கிற பெண் என்றால் என்னவென்று தெரியுமா? முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டேன். ஏனென்றால் கொத்தவால் சாவடியில் ஒரு பெண் ஒதுங்க இடம் கிடையாது. காய் வாங்க வந்த பெண்களுக்கே இல்லை, படம் எடுக்க வந்தவளுக்கா இருக்கும்? மூன்று முறை சிறுநீர்த் தொற்று வந்து படுத்தேன். "பேப்பரா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால், "அப்ப எதுக்கு?" எதுக்கு என்று எனக்கே சொல்லத் தெரியாது. கூட்டத்தில் கை வைத்தவர்கள் இருக்கிறார்கள். வ்யூஃபைண்டரில் ஒரு கண் இருக்கும்போது மறு கண்ணும் மூடியிருக்கும், அதைத் தெரிந்துகொண்டு கை வைப்பார்கள். கையில் கேமரா இருப்பதால் திருப்பி அடிக்கவும் முடியாது. சென்ட்ரல் பக்கம் ஒரு கான்ஸ்டபிள், படம் எடுக்கக் கூடாது என்று கேமராவைப் பிடுங்கி, பின்கதவைத் திறந்து ரோலை வெயிலில் இழுத்து என் கையில் கொடுத்தார். 36 படம். பதினைந்து நாள் சேர்த்தது.

இத்தனைக்கும் நடுவில் ஒன்று மட்டும் தவறாமல் செய்தேன். யாரைப் படம் எடுத்தேனோ அவர்களுக்குக் கார்டு சைஸில் ஒரு பிரிண்ட் போட்டு, அடுத்த வாரம் அதே இடத்துக்குப் போய்க் கொடுத்துவிடுவேன். பிரிண்ட்டைக் கழுவ ஏகப்பட்ட தண்ணீர் வேண்டும். ஹைப்போ மருந்து முழுசாகப் போகாவிட்டால் சில வருஷத்தில் மஞ்சளாகிவிடும். எங்கள் தெருவுக்கோ தண்ணீர் லாரியில்தான் வரும். வரிசையில் நின்று பிடித்த எட்டுக் குடத்தில் இரண்டு குடம் படத்துக்குப் போகும். "குடிக்கத் தண்ணி இல்ல, இவ படத்தைக் குளிப்பாட்டறா" என்று மாமியார் தலையில் அடித்துக்கொள்வார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் கழுவினேன். என் படம் எதுவும் யார் வீட்டிலும் மஞ்சளாகக் கூடாது என்று கழுவினேன் அண்ணா.

1989 முதல் 2000 வரை 214 ரோல். ஏழாயிரத்துக்கு மேல் படங்கள். ஒவ்வொரு ரோலையும் ஆறு ஆறாக வெட்டி, பட்டர் பேப்பரில் போட்டு, எண் எழுதி, ஒரு நீள நோட்டில் தேதி, தெரு, பெயர் எல்லாம் குறித்து வைத்தேன். கொத்தவால் சாவடிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. அந்தச் சந்தையின் விடியற்காலை என் நெகட்டிவில் இருந்தது. என் பீரோவில், புடவைக்குப் பின்னால்.

அண்ணா எங்கள் ஸ்டுடியோவுக்குப் பிரிண்ட் போட வருவார். அப்போதே பெரிய பத்திரிகைகளில் அவர் படம் வரும். நான் போட்டுக் கொடுக்கும் பிரிண்ட்தான் பிடிக்கும் என்பார். ஒருநாள், ரோல் முழுக்கச் சின்னச் சின்னதாக அச்சடித்த என் காண்டாக்ட் ஷீட்டைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். "இதெல்லாம் யாரும்மா எடுத்தது?" என்று கேட்டார். நான்தான் அண்ணா என்றேன். "உனக்குக் கண் இருக்கும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்கு எத்தனை ராத்திரி இலவசமாகப் பிரிண்ட் போட்டிருக்கிறேன்! என் வீட்டில் ஒருத்தரும் சொல்லாததை அவர் சொன்னார். அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அதுதான் வலிக்கிறது. என் படங்களின் அருமை தெரியாத ஒருவர் எடுத்துக்கொண்டு போயிருந்தால் குப்பைக்குப் போய்விட்டது என்று மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். தெரிந்தவர் எடுத்துக்கொண்டார்.

2000இல் கணவருக்கு விபத்து. இடுப்பு எலும்பு நொறுங்கி நாலு மாசம் படுக்கை, அப்புறம் அவர் எழுந்திருக்கவே இல்லை. அந்தச் சமயத்தில் அண்ணா 12,000 ரூபாய் கொடுத்தார். கேட்காமலே கொடுத்தார். அதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க எனக்கு எதுவுமில்லை. கலர் லேப்கள் வந்து ஸ்டுடியோ மூடியாயிற்று. யாஷிகாவை விற்றேன். ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குப் போனேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். ஆதார் கார்டு, ரேஷன் கார்டு, டி.சி., எல்லாவற்றையும் நகலெடுக்கிறேன். மூலையில் வெள்ளைத் துணி கட்டி பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் எடுப்பேன். "காதுக்குப் பின்னால முடியை ஒதுக்கிக்கோம்மா" என்று சொல்லும்போது மட்டும் குரலில் பழைய ஆள் எட்டிப் பார்ப்பாள்.

2004இல் அண்ணா வீட்டுக்கு வந்தார். நெகட்டிவ் எல்லாம் எப்படி வைத்திருக்கிறாய் என்று கேட்டார். காட்டினேன். ஓரங்களில் பூஞ்சை நூல் விட ஆரம்பித்திருந்தது. "இந்த ஊர் ஈரத்துக்கு இப்படி வெச்சா அஞ்சு வருஷத்துல ஒண்ணும் மிஞ்சாதும்மா. எங்க வீட்ல ஏ.சி. ரூம் இருக்கு. எங்கிட்ட இருக்கட்டும். எப்ப வேணும்னாலும் வந்து எடுத்துக்கோ" என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை. பூஞ்சை பிடிக்கத்தான் செய்யும், ஏ.சி.யில் பிடிக்காதுதான். ஒரு பொய்கூட இல்லாமல் ஒருத்தியிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கிப் போக முடியும் என்று எனக்கு அன்று தெரியாது. கல்யாணத்துக்குக் கொடுத்த வி.ஐ.பி. சூட்கேஸில் 214 ரோலையும் அடுக்கினேன். மேலே அந்த நீள நோட்டையும் வைத்தேன். அதையாவது என்னிடம் வைத்துக்கொண்டிருக்கலாம். ஏன் வைத்தேன்? நோட்டு இல்லாமல் எந்தத் தெரு என்று அண்ணாவுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்து வைத்தேன். அவர் கையில் சேரும்வரை ஆட்டோவில் சூட்கேஸை மடியில் வைத்துக்கொண்டு போனேன், குழந்தையைப் போல.

புத்தகம் வந்த வாரமே அவர் வீட்டுக்குப் போனேன். ஆத்திரத்தோடு போகவில்லை. ஏதோ அச்சகத்துப் பிழை, அடுத்த பதிப்பில் திருத்திவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பழம் வாங்கிக்கொண்டு போனேன்.

"இதுல உன் படம் எதும்மா?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"நாம ரெண்டு பேருந்தான் அந்தக் காலத்துல ஒரே தெருவுல சுத்தினோம். நான் எடுத்தது, நீ எடுத்ததுன்னு இப்ப எப்படிப் பிரிக்கறது?"

நெகட்டிவைப் பார்த்தால் தெரியும் அண்ணா, என் சூட்கேஸ் எங்கே என்றேன்.

"அது 2015 வெள்ளத்துல போச்சேம்மா. சொல்லலையா உங்கிட்ட?"

2015 டிசம்பர் வெள்ளத்தை மறந்த சென்னைக்காரர் யார்? அடையாறு ஊருக்குள் ஏறிய அந்த ராத்திரியில் எத்தனை பேர் வீடே போயிற்று. கோட்டூர்புரத்தில் அண்ணா குடியிருக்கும் கட்டடத்திலும் தண்ணீர் வந்தது, நிஜம்தான். கீழ்த் தளம் மூழ்கியது. ஆனால் அண்ணா, உங்கள் வீடு நாலாவது மாடி. அந்த ஏ.சி. அறைக்கு அடையாறு எந்தப் படிக்கட்டில் ஏறி வந்தது? ஏறி வந்து, உங்கள் கேமரா அலமாரியை விட்டுவிட்டு, உங்கள் விருதுகளை விட்டுவிட்டு, என் சூட்கேஸை மட்டும் எடுத்துக்கொண்டு போயிற்றா? 2015இல் வெள்ளத்தில் போன நெகட்டிவிலிருந்து 2017இல் எப்படி ஸ்கேன் எடுத்தீர்கள்?

அழுதுகொண்டே எழுந்தேன். வாசல்வரை வந்தார். மெதுவாகத்தான் சொன்னார். "அந்தப் பன்னிரண்டாயிரத்தை நான் ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லையேம்மா."

அதுதான் ஏழு வருஷம் என் வாயைக் கட்டியது. திருட்டென்று சொன்னால் நன்றி கெட்டவள் ஆவேன். தாலி நிற்கட்டும் என்று கொடுத்தவரைப் பழி சொல்கிறாளே என்பார்கள். ஏழாயிரம் படத்துக்குப் பன்னிரண்டாயிரம். படத்துக்கு ஒன்றே முக்கால் ரூபாய்கூட ஆகவில்லை. என் கடையில் ஒரு ஜெராக்ஸ் இரண்டு ரூபாய்.

ஆதாரம் கேட்கிறார்களே, சொல்கிறேன். என் யாஷிகாவின் பின்கதவில் ஃபிலிமை அழுத்தும் தகட்டில் ஒரு பிசிறு இருந்தது. ஒவ்வொரு ரோலிலும் முதுகுப் பக்கம் ஒரு மயிரிழைக் கீறல் விழும். பிரிண்ட்டில் அது மெல்லிய வெள்ளைக் கோடாக வரும், எல்லாப் படத்திலும் ஒரே உயரத்தில். ரிப்பேருக்குக் காசில்லை. அதனால் பிரிண்ட் போடும் முன் மூக்கின் ஓரத்து எண்ணெய்ப் பசையை விரல் நுனியில் தொட்டு அந்தக் கீறலில் லேசாகத் தடவுவேன். பசை கீறலை நிரப்பிக்கொள்ளும், கோடு தெரியாது. பழைய டார்க் ரூம் ஆட்களுக்கெல்லாம் தெரிந்த வித்தை. அந்த நெகட்டிவ்களில் என் முகத்து எண்ணெய் இருக்கிறது அண்ணா. புத்தகத்துக்காகக் கம்ப்யூட்டரில் கீறலை அழிக்க வைத்திருக்கிறீர்கள், நன்றாகவே அழித்திருக்கிறார்கள், நானும் டச்சிங்காரிதான், வேலை தெரியும். ஆனால் காசிமேட்டுப் படத்தில் வானத்தில் அழிக்க மறந்துவிட்டார்கள். 67ஆம் பக்கம். இடது ஓரத்திலிருந்து விரற்கடை நீளம். சாய்த்துப் பார்த்தால் தெரியும்.

புத்தக வெளியீட்டு விழாவில் அவர் பேசியதை யாரோ போனில் எடுத்திருந்தார்கள், மகள் காட்டினாள். ஹோமாய் வியாரவாலாவைப் பற்றி நெகிழ்ந்து நெகிழ்ந்து பேசுகிறார். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர், டெல்லியில் புடவையைக் கட்டிக்கொண்டு கனத்த கேமராவோடு சைக்கிளில் போவார், எங்களுக்கெல்லாம் தாய் மாதிரி என்கிறார். கைதட்டுகிறார்கள். அந்தத் தாயின் கதையில் ஒரு பாதியை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? 1930களில் பம்பாயில் அந்த அம்மா எடுத்த ஆரம்பப் படங்கள் அவர் பெயரில் வரவில்லை. கணவர் மானெக்‌ஷாவின் பெயரில் வந்தன. பெண் எடுத்தாள் என்றால் எடுபடாது என்று. பின்னாளில் "டால்டா 13" என்ற புனைபெயர். சுதந்திரத்தையும் காந்தியின் இறுதி ஊர்வலத்தையும் எடுத்த கை. 1970இல் கேமராவைக் கீழே வைத்தவர், வதோதராவில் பல காலம் தனியாக இருந்து, 2011இல் பத்ம விபூஷண் வாங்கி, அடுத்த ஜனவரியில் 98 வயதில் கண்ணை மூடினார். பெயரை இழந்து பிறகு மீட்ட ஒருத்தியின் புகழைப் பாடிக்கொண்டே இன்னொருத்தியின் பெயரை அழிக்க எப்படி மனசு வந்தது? நாக்கு கூசவில்லையா?

அந்தக் கூட்டத்திலேயே வேறொருவர் விவியன் மேயரைப் பற்றிப் பேசினார். அமெரிக்காவில் சிகாகோ பக்கம் பணக்கார வீடுகளில் பிள்ளை வளர்க்கும் ஆயாவாக இருந்தவர். கழுத்தில் ரோலைஃபிளெக்ஸைத் தொங்கவிட்டுக்கொண்டு, வளர்க்கும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போய் ஒரு லட்சத்துக்கும் மேல் படம் எடுத்தவர். கழுவாத ரோல்களே நூற்றுக்கணக்கில். கழுவக் காசில்லாமல் ரோலைச் சேர்த்து வைப்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். வாடகை கட்டாததால் 2007இல் அவர் பெட்டிகளை ஏலம் விட்டார்கள். ஒரு பெட்டி சுமார் 400 டாலருக்குப் போயிற்று. 2009 ஏப்ரலில் 83 வயதில் இறந்தார். உலகம் அவர் படங்களைக் கொண்டாட ஆரம்பித்தது அதற்கப்புறம். பேசியவர் தழுதழுத்தார். கூட்டம் உச்சுக்கொட்டியது.

செத்துப்போனவளுக்காகக் கண்ணீர் விடுகிறீர்கள். நான் உயிரோடு இருக்கிறேன். இந்த ஊரிலேயே, அந்த மண்டபத்திலிருந்து இருபது நிமிஷ பஸ் தூரத்தில், ஜெராக்ஸ் மெஷினுக்கு டோனர் மாற்றிக்கொண்டிருக்கிறேன். நானும் செத்த பிறகு யாராவது கண்டுபிடித்தால்தான் உங்களுக்கு அழகாக இருக்குமா? உயிரோடு வந்து "இது என்னுது" என்று கேட்டால் தகராறா?

ஒரு வக்கீலம்மாவிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். 1957ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தில், ஒரு போட்டோவுக்கு அதை எடுத்தவர்தான் படைப்பாளர் என்றே எழுதியிருக்கிறது என்றார். 57ஆவது பிரிவு என்று ஒன்றைக் காட்டினார். உரிமையை முழுசாக எழுதிக் கொடுத்துவிட்டாலும்கூட, இது நான் செய்தது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவரை விட்டுப் போகாதாம். கேட்கக் கேட்க அழுகை வந்தது. எவனோ எனக்காகவே உட்கார்ந்து எழுதி வைத்தது போல இருந்தது. "சட்டம் உங்க பக்கம் இருக்கு. கைல என்ன இருக்கு? ஒரு நெகட்டிவ், ஒரு ஒரிஜினல் பிரிண்ட், ஏதாவது?" என்றார்.

பிரிண்ட்! கார்டு சைஸ் பிரிண்ட்டைத்தான் ஊர் முழுக்கக் கொடுத்திருக்கிறேனே.

அட்டைப் படத்து அக்காவைத் தேடிப் போனேன். பூக்கடைப் பக்கம் விசாரித்தேன். அவர்கள் இருந்த குடிசைகளை எடுத்துக் குடும்பத்தோடு கண்ணகி நகருக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். இரண்டு பஸ் மாறிப் போய், பிளாக் பிளாக்காகக் கேட்டு, மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை கண்டுபிடித்தேன். அக்கா இல்லை. போய் ஆறு வருஷமாம். கதவைத் திறந்தது அந்தக் குழந்தை. கூடைக்குள் தூங்கிய குழந்தை. முப்பது வயசு தாண்டியாயிற்று, ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. தூங்கும்போது இன்னும் வாய் திறந்திருக்குமா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

சுவரில் அக்கா படம், மாலை போட்டு. பார்த்ததும் புரிந்துவிட்டது. என் படம்தான். அக்காவுக்கு வேறு போட்டோவே கிடையாது. செத்த அன்றைக்கு என் கார்டு சைஸ் பிரிண்ட்டிலிருந்து முகத்தை மட்டும் கத்திரிக்கோலால் வெட்டி, கடையில் கொடுத்துப் பெரிசாக்கியிருக்கிறார்கள்.

மிச்சம்? என்றேன். ரேஷன் கார்டு கவருக்குள்ளிருந்து எடுத்து வந்தாள். மேலே வலது பக்கம் வெட்டிய ஓட்டை. இடது பக்கம் கூடைக்குள் அவள். கீழே, தரையில், ஒரு நீள நிழல். காலை வெயில் என் முதுகில் இருந்ததால் விழுந்த நிழல். கொண்டை, மடக்கிய இரண்டு முழங்கை, இடுப்பில் சொருகிய முந்தானை. கூடை விளிம்பைத் தொடுகிறது. மஞ்சளாகவில்லை. துளிகூட மஞ்சளாகவில்லை.

உங்கள் அட்டையில் அந்த நிழல் இல்லை அண்ணா. கூடை விளிம்போடு வெட்டியிருக்கிறீர்கள். நிழலுக்குக் கொண்டை இருக்கிறதே, என்ன செய்வீர்கள்?

"சின்ன வயசுல இந்த நெழலு யாருன்னு அம்மாவ கேப்பேன்கா. பூச்சாண்டின்னு பயப்படுவேன். போட்டோக்கார அக்காடி அதுன்னு சொல்லும்" என்றாள்.

அந்தத் துண்டைக் கேட்கத்தான் போயிருந்தேன். கேட்க வாய் வரவில்லை. அவளுக்கு அவளுடைய குழந்தைப் படம் என்று உலகத்தில் இருப்பது அது ஒன்றுதான். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். வக்கீலம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். போன் படம் போதாது, ஒரிஜினலை வாங்கி வாருங்கள் என்கிறார். வாங்க மாட்டேன். கொடுத்ததைத் திருப்பி வாங்க எனக்குத் தெரியாது. நீங்கள்தான் கொடுக்க வேண்டும் அண்ணா. உங்களுக்கு என்ன நஷ்டம்? பணம் கேட்டேனா? புத்தகத்தைத் தடை செய் என்றேனா? 31 படத்துக்குக் கீழே ஒரு பெயர். உங்கள் விருது உங்களோடு இருக்கட்டும், மிச்சம் 81 படம் உங்களுடையது, நல்ல படங்கள், நான்தான் பிரிண்ட் போட்டேன், எனக்குத் தெரியும். அந்தப் பன்னிரண்டாயிரத்தை இந்த மாசம் மணியார்டரில் அனுப்பிவிட்டேன். ரசீது வைத்திருக்கிறேன்.

சூட்கேஸ் வெள்ளத்தில் போகவில்லை. எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஏ.சி. அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் இல்லாத நேரத்தில் திறந்து பாருங்கள். நீள நோட்டு மேலேயே இருக்கும். ரோல் 88, ஃபிரேம் 17. விளக்குக்கு நேரே பிடியுங்கள். நெகட்டிவில் நிழல் வெள்ளையாகத் தெரியும்.